முதலில் தோட்டா, பிறகு குறி: கைத்துப்பாக்கித் தோட்டா போடும் லீவர் ரைபிள் பற்றி

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே டொங்காட் பக்கம் கரும்பு வைத்திருக்கும் என் மாமா ஒருவர் லீவர் ரைபிளுக்கு, அதாவது பிடிக்குக் கீழுள்ள நெம்புகோலைத் தள்ளி இழுத்துத் தோட்டா ஏற்றும் ரைபிளுக்கு, விண்ணப்பித்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தார். அந்த நாட்களில் அவர் செய்த ஒரே ஏற்பாடு, நல்ல ஸ்கோப் (தொலைநோக்கிக் குறி) ஒன்றை வாங்கி வைத்ததுதான். உரிமம் வந்தது, ரைபிளும் வந்தது. ஸ்கோப்பை மாட்டத்தான் இடமில்லை. சுட்டபின் வெற்றுக்கூட்டை உச்சி வழியாக மேலே துப்பும் ரகம் அது. ஸ்கோப் உட்கார வேண்டிய இடம்தான் கூடு தெறிக்கும் இடம். சரி, போகட்டும் என்று மலிவாகக் கிடைத்த ஒரு பெட்டித் தோட்டாவுடன் சுடுதளத்துக்கு வந்தார். மூன்றாவது தோட்டாவிலேயே லீவர் பாதியில் சிக்கிக்கொண்டது. “துப்பாக்கி பழுது, மருமகனே. ஏமாந்துவிட்டேன்” என்றார்.

துப்பாக்கியில் ஒரு பழுதும் இல்லை. வாங்கிய வரிசைதான் தலைகீழ்.

டர்பனில் இந்த வகை ரைபிளைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு கட்சிகள் உண்டு. கிரே ஸ்ட்ரீட் திரையரங்குகளில் கௌபாய் படம் பார்த்து வளர்ந்த பெரியவர்களுக்கு இது மலைக்கு அப்பால் நிற்பவனையும் வீழ்த்தும் ஆயுதம். வேட்டைக்குப் பெரிய ரைபிள் தூக்கிப் பழகிய இளையவர்களுக்கோ இது பொம்மை. “பிஸ்டல் தோட்டாதானே” என்பார்கள். இரு கட்சிக்கும் விஷயம் பாதிதான் தெரியும். இந்த ரைபிளின் எல்லை ஏறக்குறைய நூறு மீட்டர். அந்த எல்லையை ஒப்புக்கொண்டால் எந்தத் தோட்டா என்பது தெளியும். தோட்டா தெளிந்தால் எந்தக் குறி, அதாவது ரைபிளில் இலக்கைப் பார்க்கும் கருவி, என்பது தானே தெளியும். கடைசியில் வர வேண்டியது குறி. நம்மவர்கள் அதைத்தான் முதலில் வாங்குகிறார்கள்.

தோட்டா வேறு, குண்டு வேறு

சுடுதளத்தில் எல்லாப் பேச்சும் ஆங்கிலத்திலோ ஆப்பிரிக்கான்ஸிலோதான். ‘புல்லட்’ என்ற ஒரே சொல்லால் இரண்டு பொருள்களைக் குழப்புகிறார்கள். தமிழில் அந்தத் தொல்லை இல்லை. தோட்டா என்பது முழுப் பொருள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி கிளப்பும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு. குண்டு என்பது பறந்து போகும் உலோகத் துண்டு மட்டும். கூடு நம் காலடியிலேயே விழுகிறது.

குண்டின் எடையைக் கிரெயின் என்ற அளவில் சொல்வார்கள். நம் தட்டார்கள் குன்றிமணி வைத்துப் பொன் நிறுத்ததைப் போல, தானிய மணியில் தொடங்கிய அளவு இது. ஒரு கிரெயின் 0.0648 கிராம். எனவே 158 கிரெயின் குண்டு என்றால் பத்து கிராமுக்குச் சற்று மேல். பெட்டியில் அந்த எண்ணைப் பார்த்து “இவ்வளவு மருந்து அடைத்திருக்கிறார்கள்” என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது மருந்தின் அளவு அல்ல, குண்டின் எடை.

இந்தக் கட்டுரையில் வரும் ரைபிள்கள் கைத்துப்பாக்கிக்கென உருவான, அல்லது கைத்துப்பாக்கியோடு பங்கிட்டுக்கொண்ட தோட்டாக்களைச் சுடுபவை: .357 மேக்னம், .44 மேக்னம், .45 கோல்ட், பழைய .44-40 ஆகியவை. முதலில் வரும் புள்ளி எண், குண்டின் குறுக்களவை அங்குலத்தில் ஏறக்குறையச் சொல்வது. பிடிக்குக் கீழே வளையம்போல இருக்கும் லீவரை முன்னால் தள்ளி இழுத்தால் வெற்றுக்கூடு வெளியேறி அடுத்த தோட்டா ஏறும். 1873இல் வின்செஸ்டர் நிறுவனம் .44-40 தோட்டாவுடன் இத்தகைய ரைபிளை வெளியிட்டது. சில ஆண்டுகளில் கோல்ட் நிறுவனம் அதே தோட்டாவுக்கு ரிவால்வரும் செய்தது. இடுப்பு வாரில் ஒரே வகைத் தோட்டா, இரண்டு துப்பாக்கிகளுக்கும் போதும் என்ற வசதியே இதன் பிறப்பு ரகசியம். ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1892ஆம் ஆண்டு மாதிரி அதைவிடச் சிறியது, உறுதியானது. இன்று பிரேசிலின் ரோஸி நிறுவனம் விற்பது அதன் வழிவந்தது. மாமா வாங்கியதும் அந்த வழியில் வந்த ஒன்றுதான், .357 மேக்னத்தில்.

நீண்ட குழல் என்ன செய்கிறது

நின்றுபோன பேக்கியை (பிக்கப் வண்டியை) தள்ளி ஸ்டார்ட் செய்தவர்களுக்கு இது உடனே விளங்கும். நான்கு பேர் ஐந்து அடி தூரம் மட்டும் தள்ளிவிட்டு விலகினால் வண்டி ஊர்ந்து நிற்கும். அதே நான்கு பேர் இருபது அடி தள்ளினால் வண்டி வேகம் பிடிக்கும். ஆட்கள் கூடவில்லை, தள்ளிய தூரம்தான் கூடியது.

குழலுக்குள் நடப்பதும் அதுவே. மருந்து எரிந்து உண்டாகும் வாயு குண்டின் முதுகைத் தள்ளுகிறது. நான்கு அங்குல ரிவால்வர் குழலில் அந்தத் தள்ளல் சட்டென்று முடிந்துவிடும். மிச்ச அழுத்தம் வாய்முனையில் தீயும் சத்தமுமாக வீணாகும். இருபது அங்குல ரைபிள் குழலில் வாயு தொடர்ந்து தள்ளிக்கொண்டே இருக்கும். 158 கிரெயின் குண்டு போட்ட .357 மேக்னம், ரிவால்வரில் வினாடிக்கு ஏறக்குறைய 375 மீட்டர் வேகத்தில் போகும். ரைபிளில் 530 மீட்டரைத் தொடும். வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை. ஆனால் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வதால் 720 ஜூலிலிருந்து 1,430 ஜூல் அளவுக்கு, இரண்டு மடங்காகிவிடுகிறது. பொம்மை என்பவர்களுக்கு இதுதான் பதில்.

கௌபாய் கட்சிக்கும் ஒரு பதில் உண்டு. சாதாரண .308 வேட்டை ரைபிளின் ஆற்றல் 3,500 ஜூல் அளவு. அதன் குண்டு நீண்டு கூர்ந்தது, காற்றைக் கிழித்துப் போகும். நம் குண்டு கட்டை, தட்டை மூக்கு. காற்று அதை விரைவில் பிடித்து நிறுத்திவிடும்.

எல்லாத் தோட்டாவும் நீண்ட குழலால் சம அளவு பயன் பெறுவதில்லை. மெதுவாக எரியும் மருந்து நிறைய அடைத்த மேக்னம் வகைகளுக்குத்தான் பெரிய லாபம். சிட்டிகை மருந்து வேகமாக எரிந்து முடியும் மென்மையான தோட்டாக்கள், வண்டியை ஐந்து அடி தள்ளிவிட்டுக் களைத்துப்போகும் ஆட்களைப் போல.

அண்ணன் செருப்பும் தம்பி செருப்பும்

.357 மேக்னம் 1935இல் வந்தது. அதன் தம்பி என்று நான் சொல்லும் .38 ஸ்பெஷல் உண்மையில் வயதில் மூத்தது, 1898ஐச் சேர்ந்தது. உருவத்தில்தான் தம்பி. இரண்டின் குண்டும் ஒரே குறுக்களவு. .357இன் பித்தளைக் கூடு மட்டும் மூன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு நீளம். நீளத்தைக் கூட்டியதன் நோக்கமே, அதிக அழுத்தம் கொண்ட புதிய தோட்டா பழைய துப்பாக்கிக்குள் போகக் கூடாது என்பதுதான்.

அண்ணன் செருப்பைத் தம்பி போட்டுக்கொண்டு நடக்கலாம். தம்பி செருப்பில் அண்ணன் கால் நுழையாது. .357 என்று குழலில் பொறித்த ரைபிளில் .38 ஸ்பெஷலும் சுடலாம். .38க்கு மட்டும் செய்த துப்பாக்கியில் .357 போடவே கூடாது. .44 மேக்னம், .44 ஸ்பெஷல் இரண்டுக்கும் இதே உறவு. குழலில் பொறித்திருப்பதைப் படிப்பதற்கு முன் பெட்டியைத் திறக்க வேண்டாம்.

.45 கோல்ட் தோட்டா மட்டும் கொஞ்சம் விஷமம். இன்றைய உறுதியான ரைபிள்களுக்கென்று அதிக அழுத்தத்தில் செய்த .45 கோல்ட் பெட்டிகளும் கடையில் உண்டு. 1873 மாதிரியின் நகல்கள் பார்க்க அழகானவை. ஆனால் அவற்றின் பூட்டு, முழங்கால் மூட்டைப் போல மடியும் இணைப்பு. சாதாரண அழுத்தத்துக்கு மேல் அது தாங்காது. அந்தப் பெட்டிகள் அதற்கு ஆகா.

தம்பித் தோட்டாவை நிறையச் சுட்டால் ஒரு சிறு தொல்லை வரும். கூடு குட்டையாக இருப்பதால், அறைக்குள் (சுடும்போது தோட்டா உட்காரும் குழலின் பின்பகுதி) அது முடியும் இடத்தில் கரியும் ஈயமும் வளையமாகப் படியும். பிறகு அண்ணனைப் போடும்போது இறுக்கமாக ஏறும். அதை அழுத்தித் திணிக்காமல், அறையை பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்துவிட வேண்டும்.

இதுவரை வந்த செய்தி இவ்வளவுதான்: நீண்ட குழல் சிறிய தோட்டாவுக்கு இரட்டிப்பு ஆற்றல் தருகிறது, ஆனால் தூரத்தைத் தருவதில்லை, குட்டைத் தோட்டா நீண்ட அறையில் போகும், நீண்டது குட்டையில் போகாது.

குழாய்க்குள் நிற்கும் வரிசை

இனி மாமாவின் லீவர் ஏன் சிக்கியது என்று பார்க்கலாம். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்பவர் இதைப் படிக்கட்டும்.

இந்த ரைபிள்களில் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே இருக்கும் மெல்லிய குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். முன்முனையில் ஒரு சுருள்வில் அவற்றைப் பின்னோக்கி அழுத்திக்கொண்டே இருக்கும். அதாவது ஒவ்வொரு குண்டின் மூக்கும் அதற்கு அடுத்த தோட்டாவின் அடியில், நேராகப் பிரைமர் மீது, அழுந்தி நிற்கிறது.

தைப்பூசத்தன்று கோயில் வரிசையில் ஒருவர் முதுகோடு ஒருவர் ஒட்டி நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நிற்பவர் கையில் தேங்காய்த் தட்டு இருந்தால் முதுகில் தட்டு படும், அவ்வளவுதான். அவர் கையில் வேல் இருந்தால்? யாரோ ஒருவர் தடுமாறினால் போதும்.

கூர்மூக்குக் குண்டு அந்த வேல். சுடும்போது ரைபிள் பின்னால் உதைக்கையில் வரிசை முழுவதும் குலுங்கும். கூர்முனை பிரைமரை இடித்தால் குழாய்க்குள்ளேயே தோட்டா வெடிக்கலாம். அந்தக் குழாய் இருப்பது நம் இடக்கையின் பிடிக்குள். ஆகவே இந்த ரைபிள்களுக்குத் தட்டை மூக்குக் குண்டுதான் விதி. தட்டை மூக்கு பிரைமரின் மேல் தேங்காய்த் தட்டைப் போலப் பரவி நிற்கும். கூர்மையும் வேண்டும், பாதுகாப்பும் வேண்டும் என்பதற்காக ஹார்னடி நிறுவனம் ரப்பர் போல நெகிழும் முனை வைத்த தோட்டாக்களை லீவர் ரைபிளுக்கென்றே செய்கிறது. பார்க்கக் கூராக இருக்கும், அழுந்தினால் மடங்கும். விலை மட்டும் மடங்காது.

குழாயின் இரண்டாவது நிபந்தனை நீளம். லீவரை இயக்கும்போது ஒரு சிறு தூக்கி, குழாயிலிருந்து வரும் ஒரே ஒரு தோட்டாவை எடுத்து அறைக்கு நேராக உயர்த்துகிறது. அந்தத் தூக்கி குறிப்பிட்ட நீளத்தை எதிர்பார்த்துச் செய்தது. தோட்டா மிகக் குட்டையாக இருந்தால், அடுத்ததும் பாதி உள்ளே நுழைந்து இரண்டும் வாசலில் முட்டிக்கொள்ளும். மாமா வாங்கிய மலிவுப் பெட்டியில் இருந்தவை, குண்டு முழுவதும் கூட்டுக்குள் புதைந்து வாய் மட்டமாக இருக்கும் .38 தோட்டாக்கள். காகிதத்தில் அழகாக வட்டத் துளை போடுவதற்காக ரிவால்வர்காரர்களுக்குச் செய்தது அது. ரிவால்வரில் ஒவ்வொன்றுக்கும் தனி அறை. வரிசை, தூக்கி, சண்டை எதுவும் கிடையாது. லீவர் ரைபிளில் அது பெரும்பாலும் சிக்கும்.

மூன்றாவது, கூட்டின் வாய் குண்டை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். வில்லின் அழுத்தமும் உதையும் சேர்ந்து, தளர்வாகச் செருகிய குண்டைக் கூட்டுக்குள் தள்ளிவிடும். அப்படி உள்ளே போனால் மருந்துக்கு இடம் குறைந்து அழுத்தம் ஏறும். கடைத் தோட்டாக்களில் இந்தப் பிடி பொதுவாக நன்றாகவே இருக்கும். வீட்டில் தாமே தோட்டா கட்டுபவர்கள்தான் இதைக் கவனிக்க வேண்டும். அது தனிக் கலை, இங்கே தொடவில்லை.

புதுப் பெட்டி வாங்கினால் முதலில் ஐந்து தோட்டா மட்டும் குழாயில் போட்டு, சுடுதளத்தில், குழல் இலக்கை நோக்கியபடி, ஒவ்வொன்றாகச் சுட்டுப் பாருங்கள். லீவரை முழு வீச்சாக, தயங்காமல் இயக்க வேண்டும். பயந்து பயந்து பாதி தள்ளுவதே பாதிச் சிக்கலுக்குக் காரணம். ஐந்தும் தடையின்றி ஏறினால் இரண்டாவது பெட்டி வாங்கலாம். பெட்டியின் மேல் எவ்வளவு புகழ்ந்து எழுதியிருந்தாலும், உங்கள் ரைபிளின் தூக்கி அதைப் படித்ததில்லை.

எந்த வேலைக்கு எது

காகிதம், இரும்புத் தட்டு சுடுவதற்கு .38 ஸ்பெஷலில் 158 கிரெயின் தட்டை மூக்கு ஈயக் குண்டு. உதை இல்லை என்றே சொல்லலாம். நீண்ட குழலில் சுட்டாலும் ஒலியின் வேகத்துக்குக் கீழேயே போவதால் அந்தச் சாட்டையடிச் சத்தம் இருக்காது. ஆனாலும் காதுக்காப்பு கட்டாயம்.

வேட்டை என்றால் கதை வேறு. நேட்டால் கரும்புத் தோட்டங்களில் காட்டுப்பன்றி செய்யும் அழிவு கரும்பு வைத்தவர்களுக்குத் தெரியும். ஒரே இரவில் ஒரு மூலையை மென்று துப்பிவிட்டுப் போகும். அதைச் சந்திப்பது பெரும்பாலும் முப்பது, நாற்பது மீட்டரில், கரும்பின் ஓரத்தில். குட்டையான, சட்டென்று திருப்பக்கூடிய லீவர் ரைபிளுக்கு ஏற்ற இடம் அது.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ரிவால்வருக்கென்று செய்த 125 கிரெயின் குழிமூக்குக் குண்டை வாங்கிவிடுகிறார்கள். குழிமூக்கு என்பது, பட்டவுடன் பூவாக விரிவதற்காக முனையில் பள்ளம் வைத்த குண்டு. அது விரிய வேண்டிய வேகம் ரிவால்வரின் வேகம். ரைபிள் அதற்கு மேலும் வினாடிக்குப் பல நூறு அடி வேகம் ஏற்றி அனுப்பும்போது, தோலும் தோள்பட்டைக் குருத்தெலும்பும் தாண்டும் முன்பே உடைந்து சிதறலாம். விலங்கு செத்துப்போகாது, காயத்தோடு கரும்புக்குள் போய்விடும். காயம்பட்ட காட்டுப்பன்றியைக் கரும்புக்குள் தேடிப் போகும் அனுபவத்தை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். எடை கூடிய, மெதுவாக விரியும் மென்முனைக் குண்டே நல்லது: .357இல் 158 அல்லது 180 கிரெயின், .44 மேக்னத்தில் 240 கிரெயின். என்னைக் கேட்டால் பன்றிக்கு .44தான். .357 போதும் என்பவர்கள் தூரத்தையும் இடத்தையும் தேர்ந்து, பொறுமையாகக் காத்திருந்து சுடுபவர்களாக இருக்க வேண்டும்.

சட்டம் பற்றி இரண்டு வரி, ஏனெனில் தோட்டாத் தேர்வை அதுவும் பாதிக்கிறது. தென்னாப்பிரிக்காவில் 2000ஆம் ஆண்டின் 60ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, பதிவுபெற்ற தீவிர வேட்டைக்காரரோ விளையாட்டு வீரரோ அல்லாத ஒருவர், உரிமம் பெற்ற ஒவ்வொரு துப்பாக்கிக்கும் 200 தோட்டாவுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அந்த 200க்குள்தான் .38ம் .357ம் சேர்ந்து வர வேண்டும். ஆகவே ஏழெட்டு வகைகளில் ஒவ்வொரு பெட்டி வாங்கி அடுக்குவதைவிட, பயிற்சிக்கு ஒன்று, வேட்டைக்கு ஒன்று என்று நிறுத்திக்கொள்வதே அறிவு. இன்னொன்று: தற்காப்புக்கான 13ஆம் பிரிவு, முழுத் தானியங்கி அல்லாத கைத்துப்பாக்கிக்கும், முழுத் தானியங்கியோ பாதித் தானியங்கியோ அல்லாத ஷாட்கன்னுக்கும் உரியது. லீவர் ரைபிளை அந்தக் காரணம் காட்டிக் கேட்க முடியாது. வேட்டை, விளையாட்டு என்ற பிரிவுகளில்தான் கேட்க வேண்டும்.

சுருக்கமாக: மூக்கு தட்டை, நீளம் சரி, பிடி இறுக்கம். இந்த மூன்றும் தேறியபின்தான் எடை, வேகம், விலை.

நேர்கோடும் வளைகோடும்

தோட்டத்துக்கு ஹோஸ் பைப்பில் தண்ணீர் பாய்ச்சும்போது தூரத்துச் செடிக்கு முனையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கிறோம். தண்ணீர் நிமிர்ந்து போய் வளைந்து விழுகிறது. குண்டும் அப்படியே. குழலை விட்டு வெளியேறிய கணத்திலிருந்து அது விழுந்துகொண்டேதான் இருக்கிறது. நம் பார்வையோ நேர்கோடு. குழலைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்து, வளைகோடும் நேர்கோடும் விரும்பிய தூரத்தில் சந்திக்கும்படி செய்வதற்குப் பெயர்தான் குறியைச் சரிசெய்தல். சந்திக்கும் அந்தத் தூரத்தைச் சந்திப்புத் தூரம் என்று வைத்துக்கொள்வோம்.

எவ்வளவு விழும் என்பது எவ்வளவு நேரம் காற்றில் இருந்தது என்பதைப் பொறுத்தது. காற்றின் தடையை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட்டாலே வேறுபாடு கண்ணில் படும். வினாடிக்கு 530 மீட்டர் வேகத்தில் போகும் .357, நூறு மீட்டரை 0.19 வினாடியில் கடந்து 17 சென்டிமீட்டர் விழும். வினாடிக்கு 280 மீட்டரில் போகும் .38, அதே தூரத்துக்கு 0.36 வினாடி எடுத்து 62 சென்டிமீட்டர் விழும். ஒரே ரைபிள், ஒரே குறி, ஒரே கை. தோட்டா மாறியதால் மட்டும் கிட்டத்தட்ட அரை மீட்டர் வேறுபாடு. தடையையும் சேர்த்தால் இன்னும் மோசம்.

தோட்டாவை முடிவு செய்யாமல் குறியைச் சரிசெய்வது, மணமகனைப் பார்க்காமல் சட்டை தைப்பது. தலைப்பில் சொன்ன வரிசைக்குக் காரணம் இதுதான்.

.357இன் 158 கிரெயினுக்கு நான் 75 மீட்டரைச் சந்திப்புத் தூரமாக வைக்கச் சொல்வேன். அப்போது 50 மீட்டரில் இரண்டு சென்டிமீட்டர் அளவு மேலே, 100இல் ஆறேழு சென்டிமீட்டர் கீழே. இரண்டையும் பொருட்படுத்தாமல் நடுவில் குறி வைக்கலாம். 150 மீட்டரிலோ ஓர் அடி அளவுக்குக் கீழே இறங்கிவிடும். தூரத்தைக் கண்ணால் மதிப்பிடுவதில் இருபது மீட்டர் பிசகினாலும் அங்கே தவறிப்போகும். நூறு மீட்டர் எல்லை என்று முதலில் சொன்னது இதனால்தான்.

கண் செய்ய முடியாத வேலை

பெட்டியிலிருந்து வரும் ரைபிளில் இரண்டு உறுப்புகள் இருக்கும். குழலின் நுனியில் நிற்கும் சிறு மணி, முன்குறி. நடுக்குழலில், கண்ணுக்கு அருகே, பள்ளம் வெட்டிய தகடு, பின்குறி. இரு பக்கமும் மான்கொம்பு போல வளைந்து உயரும் பின்குறி பழைய பாணி. படத்தில் அழகு, பார்வையில் தொல்லை. கொம்புகள் இலக்கின் பாதியை மறைத்துவிடும்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு உண்மையான தொல்லை வேறு. பின்குறி கண்ணிலிருந்து 45 சென்டிமீட்டரில், முன்குறி 85இல், இலக்கு 80 மீட்டரில். மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்கச் சொல்கிறது இந்த அமைப்பு. கண்ணால் ஒரு நேரத்தில் ஒரே தூரத்தைத்தான் தெளிவாகக் காண முடியும். இளவயதில் கண்ணின் வில்லை வேகமாகத் தாவித் தாவிச் சமாளித்துவிடும். வயது ஏற ஏற வில்லை விறைத்துப்போகிறது. செய்தித்தாளைக் கை நீட்டிப் பிடிக்கும் வயதில் பின்குறி பஞ்சுபோலக் கலங்கித்தான் தெரியும். “கை நடுங்குகிறது” என்று வருந்தும் பலருக்குக் கை நன்றாகவே இருக்கிறது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையில் குண்டூசியால் துளையிடுங்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையைக் கண்ணோடு ஒட்டி வைத்துச் சிறிய எழுத்தைப் படியுங்கள். வெளிச்சம் குறையும், ஆனால் கலங்கிய எழுத்து தெளிவாகும். சிறு துளை, ஓரங்களிலிருந்து சாய்ந்து வரும் கதிர்களைத் தடுத்து நடுக்கதிர்களை மட்டும் விடுவதால், கண் சரியாகக் குவிக்காவிட்டாலும் பிம்பம் அதிகம் கலங்குவதில்லை.

துளைக்குறி என்பது இந்தக் குண்டூசித் துளையைத்தான் ரைபிளின் பின்பகுதியில், கண்ணருகே, உலோக வளையமாக வைக்கிறது. துளையைப் பார்க்கக் கூடாது. துளை வழியாகப் பார்க்க வேண்டும். முன்குறியை இலக்கின் மேல் வையுங்கள். வட்டத்தின் நடுவைக் கண் தானே தேடிக்கொள்ளும். மூன்று பொருள்கள் இரண்டாகிவிட்டன.

இன்னொரு லாபமும் உண்டு. பின்குறி நடுக்குழலிலிருந்து பின்னால் வந்துவிடுவதால் இரு குறிகளுக்கும் இடைவெளி 40 சென்டிமீட்டரிலிருந்து 60 அளவுக்குக் கூடும். அரை மில்லிமீட்டர் பிசகினால், 40 சென்டிமீட்டர் இடைவெளியில் அது நூறு மீட்டரில் பன்னிரண்டரை சென்டிமீட்டர் பிழை. 60இல் எட்டு சொச்சம். செலவு குறைவு, ரைபிளின் எடையும் வடிவமும் மாறாது, மழைக்கும் மண்ணுக்கும் அஞ்சாது. இந்த வகை ரைபிளுக்கு முதல் மாற்றமாக எதையாவது வாங்க வேண்டும் என்றால் துளைக்குறியைத்தான் சொல்வேன். வேட்டைக்குப் பெரிய துளை, மெல்லிய வளையம். சின்னத் துளை காகித இலக்குக்காரர்களுக்கு, அந்தி நேரத்தில் அது இருட்டு.

அதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். 1.6 மில்லிமீட்டர் முன்குறி மணி, நூறு மீட்டரில் 19 சென்டிமீட்டர் அகலத்தை மறைக்கும். சின்ன இலக்கு அதன் பின்னால் காணாமல் போகும்.

ஸ்கோப்பும் ரெட் டாட்டும்

ஸ்கோப் கெட்டது என்று நான் சொல்லவில்லை. கண் மிகவும் தளர்ந்தவர்களுக்கு அது வரம். இலக்கும் குறிக்கோடும் ஒரே தளத்தில் தெரியும், தாவ வேண்டியதில்லை. ஆனால் நூறு மீட்டர் ரைபிளுக்கு ஒன்று முதல் நான்கு மடங்கு பெருக்கம் தாராளம். பன்னிரண்டு மடங்கு ஸ்கோப்பில் முப்பது மீட்டர்ப் பன்றி, ரோமமாக மட்டும்தான் தெரியும்.

வாங்கும் முன் மூன்று விஷயம். வெற்றுக்கூடு எந்தப் பக்கம் தெறிக்கிறது என்று பாருங்கள். 1892 வழிவந்தவை மேலே துப்பும்; மார்லின் 1894, ஹென்றி பிக் பாய் போன்றவை பக்கவாட்டில் துப்பும், மேல்புறம் மூடியிருக்கும், ஸ்கோப்புக்கு இடம் கொடுக்கும். அடுத்தது கன்னம். பழைய வடிவப் பின்கட்டை தாழ்ந்த குறிகளுக்காகச் செதுக்கியது. ஸ்கோப் உயர்ந்து நின்றால் கன்னம் கட்டையில் படியாமல் தலை மிதக்கும், ஒவ்வொரு முறையும் கண் வேறு இடத்தில் நிற்கும். மூன்றாவது சுத்தியல், அதாவது அடித்துத் தோட்டாவைச் சுட வைக்கும் உறுப்பு. இந்த ரைபிள்களில் வெளியே தெரியும் சுத்தியலைக் கட்டை விரலால் இழுக்கவும் மெல்ல இறக்கவும் வேண்டும். ஸ்கோப் அதன் மேல் கவிழ்ந்திருந்தால் விரல் வழுக்கும். விரல் வழுக்கினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. பக்கவாட்டில் நீளும் ஒரு சிறு நீட்சியைச் சுத்தியலில் பொருத்தலாம்.

மேலே துப்பும் ரகத்தில், குழலின் மேல் முன்னால் தள்ளிப் பொருத்தும் தண்டவாளத்தில் ரெட் டாட் வைக்கலாம். ரெட் டாட் என்பது கண்ணாடித் தகட்டில் சிவப்புப் புள்ளி ஒன்றை மட்டும் காட்டும் கருவி. பெருக்கம் கிடையாது, இரு கண்ணும் திறந்தபடி சுடலாம். கரும்பின் ஓரத்தில் வேகமாகக் குறி எடுக்க இதற்கு ஈடு இல்லை. பாட்டரி தீரும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

சரிசெய்யும் நாள்

ஒரு சனிக்கிழமைக் காலை மாமாவோடு மறுபடியும் போனேன். மேசை, மணல் மூட்டை, 158 கிரெயின் மென்முனை .357 ஒரு பெட்டி, புதிதாகப் பொருத்திய துளைக்குறி. மூட்டையை முன்கட்டைக்கு அடியில் வைக்க வேண்டும். குழலைத் தாங்கவிட்டால் குண்டு போகும் இடம் மாறும். முதலில் 25 மீட்டரில் மூன்று, பிறகு 50இல் மூன்று. ஒரு குண்டைப் பார்த்துக் குறியைத் திருகுகிறவர் நாள் முழுவதும் திருகிக்கொண்டே இருப்பார். மூன்றின் நடுவைப் பார்த்துத்தான் நகர்த்த வேண்டும்.

பின்குறியைக் குண்டு போக வேண்டிய திசையிலேயே நகர்த்துங்கள், முன்குறியை எதிர்த்திசையில். குண்டு இடப்பக்கம் விழுந்தால் பின்குறி வலப்பக்கம். குண்டு மேலே விழுந்தால் பின்குறி கீழே, அல்லது முன்குறி உயரமாக. நகர்த்தும் அளவு நம்ப முடியாத அளவுக்குச் சிறியது: 40 சென்டிமீட்டர் இடைவெளியுள்ள குறிகளில், 50 மீட்டரில் பத்து சென்டிமீட்டர் மாற்ற 0.8 மில்லிமீட்டர் போதும். முன்குறியை அரத்தால் தேய்த்துக் குறைக்கிறவர்கள் இதை நினைவில் வைக்கட்டும். அது தாடி அல்ல, மறுநாள் வளராது.

பத்தாவது குண்டில் 50 மீட்டர் சரியானது, பதினாறாவதில் 75. பிறகு அதே குறியோடு ஒரு பிடி .38 சுடச் சொன்னேன். 50 மீட்டரில் ஒன்பது சென்டிமீட்டர் கீழே விழுந்தது. மாமா அதைச் சரிசெய்யப் போனார், கையைப் பிடித்துக்கொண்டேன். பின்கட்டையின் உட்பக்கம் ஒரு துண்டு டேப் ஒட்டி, “158 – 75 மீ. நேர். .38 – 50 மீ. கை அகலம் மேலே பிடி” என்று பேனாவால் எழுதிக்கொடுத்தேன்.

ஸ்கோப் இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. பக்கவாட்டில் துப்பும் ரைபிள் வைத்திருக்கும் யாராவது வாங்கிக்கொள்வார்களா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.